ஐப்பசியில் கசியாத வெல்லம்

என் சாமிகளா,

அம்மா போய் ஒரு வருடம் நிறைகிற இந்த நாளில், இலைக்கு வந்திருக்கும் உறவு சனம் கையில் இந்த நினைவு மலர் இருக்கும். ஆனாலும் நான் எழுதுவது உங்கள் இருவருக்கும்தான். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளட்டும். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும். சொன்ன விசயத்தைத் திருத்த வேண்டாம்.

உயிரோடு இருந்த வரைக்கும் அம்மாவை நான் "ஏம் புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அப்போதே கொடுத்திருக்கலாம்.

அம்மா பிறந்தது கெங்கவல்லிக்குத் தெற்கே ஒரு காட்டு வீட்டில். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. ஆறு பிள்ளைகளில் நாலாவது. இனிப்பு என்றால் அந்த வீட்டில் கடையில் வாங்குவது கிடையாது. வேகவைத்த கிழங்கின் மேல் ஒரு துண்டு வெல்லத்தைச் சுரண்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்தத் துண்டுக்காக அண்ணன் தம்பிகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர். எருமப்பட்டிப் பக்கம் நம் ஊருக்கு மருமகளாக வந்த புதிதில், அவர் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நாம் "ஏனுங்க" என்றால் அவர் "என்னாங்க" என்பார். சிரித்தவர்களுக்குக் கையில் எள்ளுருண்டை கொடுத்து வாயை அடைத்தார்.

அப்போது நான் லாரியில் இருந்தேன். லைனுக்குப் போனால் திரும்ப இருபது நாள் ஆகும். நீங்கள் இருவரும் பிறந்தபோதும் நான் ஊரில் இல்லை. மாடு, காடு, உங்கள் பள்ளிக்கூடம், படுத்துவிட்ட என் அப்பா, எல்லாம் அவர் தலையில். நான் செய்தது ஒன்றே ஒன்று. போன ஊரிலெல்லாம் இனிப்பு வாங்கி வந்தேன். பூசணி மிட்டாய், பால்கோவா, நெய் ஒழுகுகிற அல்வா. லாரிச் சத்தம் கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். "மனுசன் வந்திருக்கேன், பொட்டலத்தப் பாக்கறயே" என்பேன். "மனுசன் எங்கியும் போவமாட்டாரு, பொட்டலந்தான் தீந்துரும்" என்பார்.

அப்படி நான் கொண்டுவந்து கொட்டியதற்கும் பிறகு வந்த சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் பரம்பரையாகவும் வரும் என்றார். காலில் முள் குத்திய புண் ஆறாமல் நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது. நான் லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்தேன்.

அம்மா அழவில்லை. வீடு வந்ததும் அடுப்படியில் இருந்த அஸ்கா டப்பாவை, அதுதான் வெள்ளைச் சர்க்கரை, கவிழ்த்து எறும்புக்குப் போட்டார். பிஸ்கட், பாக்கெட் இனிப்பு, கலர்த் தண்ணி எதுவும் இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். "நாக்கை அறுத்துப் போட முடியாது, ஏமாத்தவும் வேண்டாம். நல்லதாக் கொஞ்சம் கொடுத்தா அது அடங்கும்" என்பது அவர் கணக்கு. டாக்டரிடம் வெல்லம் தின்னலாமா என்று கேட்டார். "அதுவும் சர்க்கரைதாம்மா. ஆசைக்கு ஒரு நகத்தளவு, அதுவும் அளந்து" என்றார் டாக்டர். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் கம்பு, ராகி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு வெல்லம். அதையும் பாதியாக உடைத்து எனக்கு ஒரு பாதி. நாள் முழுவதும் அந்த ஒரு வாய்க்காகக் காத்திருப்பார். வாயில் போட்டால் கடிக்க மாட்டார், கரைய விடுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

அந்த வெல்லம் உங்கள் சித்தப்பா ஆலையில் இருந்து வந்தது.

என் உடன்பிறந்த தம்பி. ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் மாமனார் வீட்டோடு இருந்து கரும்பு ஆலை நடத்துகிறான். இது உறவுக்கெல்லாம் தெரிந்ததுதான். நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் யாராவது ஆலை வைத்திருந்தால் கடையில் வெல்லம் வாங்க மாட்டோம். அவர்கள் கொடுத்ததை நிறுத்துப் பார்க்க மாட்டோம், உரசிப் பார்க்கவும் மாட்டோம். அப்படிப் பார்த்தால் கொடுத்தவர்களை அவமானப்படுத்தியது ஆகிவிடும். சந்தைக்குப் போகிற வெல்லம் மஞ்சளாக, பளபளவென்று இருக்கும். வெளுக்கிற மாவு போடுவதால் வருகிற நிறம் அது என்று எல்லோருக்கும் தெரியும். தம்பி நமக்குக் கொடுத்ததோ கருப்பு. "அண்ணி, இது ஊட்டுக்குன்னு காச்சுனது" என்று அவனே சொல்லிக் கொடுத்தான். அம்மாவுக்குச் சந்தோசம் தாங்காது. "நெறத்தப் பாத்தாலே தெரியுதே" என்பார். கருப்பாக இருந்தால் கலப்படம் இல்லை என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

நம்பியது மட்டும் இல்லை. வீடு வீடாகச் சொன்னார். கோழிப்பண்ணை வீட்டுப் பாவாயி அக்கா, பால் சொசைட்டிக் கணக்கர் வீட்டம்மா, தையல்காரர் வீடு, மூன்று வீட்டாரும் அம்மா பேச்சைக் கேட்டு அஸ்காவை விட்டார்கள். "எங்க கொழுந்தனார் ஆலை வெல்லம், கண்ண மூடிட்டுத் தின்னலாம்" என்று சொல்லி அவர்களுக்கும் தருவித்துக் கொடுத்தார். பாவாயி அக்கா தன் பேத்திக்கு ராகிக் கூழில் அதைத்தான் போட்டார்.

அம்மா போவதற்கு முந்தின வருடம் மாசியில் ஒருநாள், மாட்டுக்குக் கரும்புத் தோகை ஏற்றிவர ஆலைக்குப் போனேன். சொல்லாமல் போனேன். வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு ஆட்கள் வெள்ளை மூட்டையைப் பிரித்து, கொதிக்கிற கொப்பரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்கா. ஒரு மூட்டை இல்லை, வரிசையாக.

"ஏனப்பா, இது என்னத்துக்கு?" என்றேன்.

"நீங்க யாருங்க, கரும்புக்காரரா? வெறும் கரும்புப் பால் காச்சுனா கட்டுபடியாகுமுங்களா?" என்று சிரித்தான் ஒருவன். அதற்குள் தம்பி ஓடி வந்தான்.

"வாங்ண்ணா. ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமுல்லோ."

"போட்டிருந்தா மூட்டைய மறச்சிருப்பயா?"

"எல்லாரும் செய்யறதுதாங்ண்ணா. இல்லீன்னா தொழில்ல நிக்க முடியாது."

"சந்தைக்குப் போறத உடு. ஊட்டுக்குக் கொடுக்கறது?"

அவன் அடுப்பைப் பார்த்தான். "அதுக்கு வெளுக்கற மாவு போடறதில்லீங்ண்ணா. அண்ணிக்குக் கருப்பா இருக்கோணுமுன்னு அதை மட்டும் நிறுத்தீருவேன்."

"அஸ்கா?"

"கொப்பரை ஒண்ணுதானுங்ண்ணா."

நான் தோகை ஏற்றாமல் திரும்பி நடந்தேன். அவன் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தான். வைகாசியில் தன் மகளுக்குக் கண்ணாலம், இப்போது வீட்டுக்குள் பேச்சு வந்தால் சம்பந்தி காதுக்குப் போய்விடும், கண்ணாலமே நின்றுவிடும் என்றான். "அடுத்த காச்சல்ல இருந்து ஊட்டுக்குத் தனிக் கொப்பரை போடறேன். செத்துப்போன நம்ம ஆத்தா மேல சத்தியமுங்ண்ணா" என்றான். கண் கலங்கிச் சொன்னான்.

நான் நம்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டை, பொங்கல் வைக்கிற கோயிலில் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும், இதெல்லாம் மனதில் ஓடியது. இனிமேல் நல்லதுதானே வரப்போகிறது, பழையதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைகாசிக் கண்ணாலத்தில் தாம்பூலத்தோடு ஒரு பை வெல்லம் கொடுத்தான். "தனியாக் காச்சுனதா?" என்று தனியே கேட்டேன். "ஆமாங்ண்ணா" என்றான். முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் சொன்னான்.

ஐப்பசி வந்தது. அந்த வருடம் நல்ல மழை. நாலு நாளாக வெயிலே இல்லை. அம்மா வெல்லப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார்.

"என்னாங்க, இங்க வந்து பாருங்க."

"என்ன?"

"உப்பு ஜாடியில தண்ணி நிக்குது. துவைச்ச துணி நாலு நாளாக் காயல. இது மட்டும் கல்லாட்டம் கெடக்குது. எங்க ஊட்டுல ஐப்பசி வந்தா வெல்லப் பானைக்கு அடியில பாகு நிக்கும், நாங்க விரல உட்டு நக்குவோம். நல்ல வெல்லம் மழைக்குக் கசியணும். இது ஏன் கசியல?"

ஒரு உருண்டையை எடுத்து அம்மிக்கல்லில் வைத்து உடைத்தார். உள்ளே மணி மணியாக மின்னியது. அதை என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

"எப்பல இருந்து?"

"மாசியில இருந்து."

விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசம். தெனமும் மத்தியானம் பாதி உடச்சு உங்களுக்கும் கொடுத்தனே. வாங்கித் தின்னீங்களே."

"தனியாக் காச்சித் தாரேன்னு சத்தியம் பண்ணினான், புள்ள. நானும் நம்பி ஏமாந்துட்டேன்."

"அவரு உங்கள ஏமாத்துனாரு, சரி. என்னை யாரு ஏமாத்துனா?"

சாமிகளா, தம்பி செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கூடப் பிறந்தவன், ஆத்தா மேல் சத்தியம் செய்துவிட்டு முகத்துக்கு நேராகப் பொய் சொன்னான். ஆனால் அந்த வாசற்படியில் அம்மா அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு இது இத்தனை நாள் தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நானும் வாரேன்" என்றேன். "வேண்டாம். நான் சொன்ன வார்த்தைய நானே போய்த் திரும்ப வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

மூன்று வீட்டுக்கும் போனார். பாவாயி அக்கா பிறகு என்னிடம் சொன்னது இது. நனைந்த சேலையோடு வந்து நின்று, "அக்கா, அந்த வெல்லத்துல அஸ்கா கலந்திருக்கு. பாப்பாவுக்குப் போடாதீங்க. நான் சொன்னது தப்பு" என்றாராம்.

"அட ஏனம்மிணி, இதுக்கா மழையில வந்தே? எங்கூட்டுக்காரரு பீடிய உட்டுட்டேன்னு எட்டு வருசமாச் சொல்றாரு. நானும் நம்புறேன், சட்டைப் பையும் நாறுது. உனக்கு ஒரு வெல்லந்தானா பெருசு?"

"நீங்க அவரு சொன்னத நம்புனீங்க. பாப்பா கூழ்ல நான் சொல்லித்தானே அக்கா போட்டீங்க."

பாவாயி அக்கா உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டிவிட்டார். கணக்கர் வீட்டம்மா "பரவாயில்லீங்க" என்றார். தையல்காரர் வீட்டில்தான், "கொழுந்தனார் யாவாரத்துக்கு நீங்கதான் ஆள் பிடிச்சீங்களாக்கும்" என்று ஒரு வார்த்தை வந்தது. அம்மா மீதி வெல்லத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீடு வந்து அன்று முழுவதும் படுத்திருந்தார். யாரையும் ஏமாற்றாத ஒரு மனுசிக்கு ஏமாற்றுக்காரி என்ற பேர். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது நானும் என் தம்பியும்.

சாயந்திரம் தம்பி போன் செய்தான். "அண்ணி ஊடு ஊடாப் போயி எம் பொழப்பக் கெடுக்கறாங்க, சொல்லி வைங்க" என்றான். "அவ பொழப்ப நீ கெடுத்தது தெரியலையாடா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு நாக்கு மட்டும் மாறவில்லை. இனிப்பு வேண்டும். ஆனால் காய்ச்சியது, இறுக்கியது, ஒருவர் கலக்கி இன்னொருவர் கொடுப்பது எதுவும் இனி வேண்டாம் என்று முடிவு செய்தார். உடைத்தால் உள்ளே தெரிய வேண்டும். அதுதான் அவர் வைத்த சட்டம். கிணற்றடியில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டார். சின்னக் கிழங்காகத் தோண்டி, தோலோடு வேகவைத்து ஆறவிட்டு, பாதிக் கிழங்கு, கூட ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும். இல்லையென்றால் பேரீச்சை இரண்டு, கொட்டை எடுத்து, வறுத்த கருப்பு எள்ளோடு உரலில் இடித்து நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை. தையில் பனங்கிழங்கு. வாழைத்தார் பழுத்தால் பூவன் பழம் ஒன்றை எனக்குப் பாதி கொடுத்து அவர் பாதி, தேங்காய்ச் சில்லோடு. ரத்தம் பார்க்கப் போகிற நாளில் டாக்டர், "என்னம்மா செய்யறீங்க, போன தடவைக்குப் பரவாயில்லையே" என்பார். "இனிப்புத் திங்கறனுங்க" என்பார் அம்மா. டாக்டர் சிரித்துவிடுவார். பெரியவளே, இதையெல்லாம் நீ எழுதி வைத்துக்கொள். உனக்கும் அம்மா நாக்குத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நான் வாங்கி வந்ததை அம்மா பிரித்துப் பார்க்காமல் வாயில் போடுவார். அந்த ஐப்பசிக்குப் பிறகு, நான் வாங்கி வந்த பேரீச்சையை ஒவ்வொன்றாகப் பிளந்து வெளிச்சத்தில் பார்த்துத்தான் தின்றார். "என்ன பாக்கறே?" என்று கேட்டால், "புழு இருக்குதான்னு" என்பார். ஒருநாளும் புழு இருந்ததில்லை. அவரும் பார்ப்பதை விடவில்லை. என்னிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில்லை, சோறு போடாமல் இருந்ததில்லை. பிளந்து மட்டும் பார்த்தார்.

போன வருடம் நெஞ்சு வலி வந்தது. வெல்லத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஊரில் அந்த நேரம் கார் இருந்தது தம்பியிடம்தான். நம் ஊரில் ஒரு மச்சினன் வீட்டு விசேசத்துக்கு வந்திருந்தவன், கேள்விப்பட்டு ஓடி வந்து, அம்மாவைத் தூக்கிக் காரில் படுக்க வைத்து நாமக்கல்லுக்கு ஓட்டினான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பேப்பர் முழுக்க ஈரம், பாகு கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "அண்ணி, ஒரு கொப்பரை தனியாப் போட்டேன். வெறும் கரும்புப் பால். ஒரு நகத்தளவு வாயில போடுங்க" என்றான்.

அம்மா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க நின்னு பாத்தீங்களா, காச்சறப்ப?"

"இல்ல புள்ள. நான் அங்க போகவே இல்ல."

"அப்ப வேண்டாங்க, கொழுந்தனாரே. தப்பா நெனச்சுக்காதீங்க."

தம்பி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அம்மா என் கையைப் பிடித்து, "இப்பத்தான் உள்ளதச் சொன்னீங்க" என்றார். மறுநாள் விடியலில் போய்விட்டார். அந்தக் கடைசி வெல்லம் நிஜமாகவே தனியாகக் காய்ச்சியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கசிந்திருந்தது, அதைத்தான் பார்த்தேன். அவன் உண்மையே சொல்லியிருந்தாலும் நம்ப முடியாத இடத்தில் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

சின்னவனே, "சித்தப்பாவுக்கும் நன்றி போடுங்கப்பா, ஊர் பேசும்" என்று நீ சொன்னாய். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவன் வீட்டுக்குப் போய் முழுவதும் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டான். முடிந்ததும், "போடுங்ண்ணா. ஆலை பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றான். போடவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை அண்ணியைப் பற்றிச் சொல்வான் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் காப்பி வேண்டுமா என்று கேட்டான்.

தம்பி, காரோட்டிக் கொண்டுபோனாயே, அதற்கு என் நன்றி. அது மனதாரச் சொல்வது. வெல்லத்துக்கு நன்றி இல்லை. அதுவும் மனதாரச் சொல்வதுதான்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், பதினாறு நாளும் நம் மாட்டைக் கறந்து கொடுத்த பாவாயி அக்காவுக்கும், அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீலை கொண்டுவந்த கெங்கவல்லிச் சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மழையில் வந்தவருக்குக் கதவைத் திறந்த மூன்று வீட்டாருக்கும் நன்றி. தையல்காரர் வீட்டாருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவர் ஆள் பிடிக்க வரவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தவன் நான்.

இன்றைய இலையில் பாயசம் இல்லை. எவ்வளவு வெல்லம் வாங்குவது என்று சமையல்காரர் கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிப்பில்லாமலா இலை போடுவது என்று பங்காளிகள் குறைப்பட்டார்கள். இனிப்பு இருக்கிறது. அம்மா நட்ட கொடியில் நானே தோண்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆளுக்குப் பாதி. தோலை உரிக்காமல்தான் வைத்திருக்கிறோம். உரித்து, உள்ளே பார்த்து, பிறகு சாப்பிடுங்கள்.